உப்பளத்து வளைவில் பத்து நிமிஷம்

வியாழக்கிழமை ராத்திரி சுந்தர்சிங் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தார். பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்லிவிடுவது.

நீங்கள் சிரிப்பீர்கள். இதெல்லாம் ஒரு தீர்மானமா, நாங்கள் பல் விளக்குவதற்குள் நாலு சொல்லுவோமே என்பீர்கள். உங்கள் வீட்டுச் சங்கதி வேறு. சுந்தர்சிங்குக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். இதுவரைக்கும் ஒரு பொய் கிடையாது. அவர் பெரிய யோக்கியர் என்பதற்காக இல்லை. சொன்னால் செல்லாது, அதனால்.

அவர் மனைவி ஞானதீபம் நாசரேத்துக்காரி. இருபத்தெட்டு வருஷம் இரண்டாங்கிளாஸ் டீச்சராக இருந்தவள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை, அது வராந்தாவில் நடந்து வருகிற செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வேலை பார்த்தவளுக்கு ஓய்வு கிடைத்தது. வீட்டில் இருந்தவருக்கு இருந்த ஓய்வு போயிற்று.

அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லுவது என்றால் அதற்கு ஒரு நெருக்கடி வேண்டாமா? வந்தது. எப்படி வந்தது என்று சொல்லுகிறேன்.

சுந்தர்சிங் தூத்துக்குடியில் டிராபிக் போலீஸ். ஸ்பெஷல் எஸ்.ஐ. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். ஒண்ணாம் தேதி அவர் கையில் புதிதாக ஒரு ஸ்பீடு கன் கொடுத்தார்கள். பார்ப்பதற்குப் பியூட்டி பார்லரில் தலைமுடி காயவைக்கிற மெஷின் மாதிரி இருக்கும். ஆனால் பொல்லாத சாமான். வருகிற வண்டிக்கு நேராக நீட்டினால் போதும். வேகத்தைப் பிடித்து, நம்பரைப் படம் எடுத்து, வண்டிக்காரன் பாளையங்கோட்டை போய்ச் சேருமுன் அவன் செல்போனுக்கே அபராதச் சீட்டை அனுப்பிவிடும். கெஞ்சல், கண்ணீர், 'எங்க மாமா யார் தெரியுமா' ஒன்றும் அதனிடம் செல்லாது.

சுந்தர்சிங் அதைப் பச்சைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு, திருச்செந்தூர் ரோட்டு உப்பளத்து வளைவில் போய் நின்றார். முதல் நாள் இருபத்து மூணு வண்டி சிக்கியது. இரண்டாம் நாள் பத்தொன்பது.

மூணாம் நாள் ஒன்றுமில்லை.

நாலாம் நாள் இடத்தை மாற்றி முள்ளக்காட்டுப் பக்கம் நின்றார். ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் மதுரை பைபாஸ். ஒன்றுமில்லை. போர்டில் ஐம்பது என்று போட்டிருந்தால் ஊரே நாற்பதில் போனது. கல்லூரிப் பையன்கள் ஹெல்மெட் போட்டு, ஒருத்தன் பின்னால் ஒருத்தன் வரிசையாகப் போனார்கள். பறக்கிற மினி பஸ் பிள்ளைத்தாச்சி நடக்கிற மாதிரி நடந்தது. ஒரு சைக்கிள்காரர் காரை ஓவர்டேக் பண்ணிவிட்டு, பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறா இருக்குமோ?" என்று கேட்டார் சுந்தர்சிங்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு ஐயா" என்றாள் பானுப்ரியா. அவள் கூட நிற்கிற போலீஸ்காரி. ஓட்டப்பிடாரத்துப் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டே இருக்கிற முகம்.

இப்படியே மூணு வாரம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, உப்பளத்து வளைவில் ஒரு உப்பு லாரி தானாகவே அவர் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"அண்ணாச்சி, முழங்கால் எப்படி இருக்கு?"

"எந்த முழங்கால்?"

"இடதுதானே? படி ஏறும்போது பிடிக்குதுன்னாங்களே."

"யாருவே சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லுதாங்க. ராத்திரி நல்லெண்ணெய் போட்டு நீவுங்க அண்ணாச்சி. வாரேன்."

முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போய்விட்டான்.

சுந்தர்சிங் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். பேன்ட் போட்டுத்தான் இருந்தது. அடுத்தாற்போல் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பக்கத்தில் வந்து, காதோடு சொன்னான்.

"ஸார், அந்த உபாதைக்குத் துத்தி இலை. விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, துணியில வச்சுக் கட்டிட்டு உக்காந்தா மூணே நாளு. எங்க சித்தப்பாவுக்குக் கேட்டிருக்கு."

ஆட்டோவுக்குள் இருந்த ஆறு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சுந்தர்சிங்குக்கு ரத்தம் தலைக்கேறியது. முழங்கால் போகட்டும், அது வெளியில் தெரிகிற உறுப்பு. இந்தச் சமாச்சாரம் அவருக்கும், டாக்டருக்கும், ஞானதீபத்துக்கும் மட்டும்தானே தெரியும்? திரும்பினார். பானுப்ரியா உப்புக் குவியலைப் பார்த்து நின்றுகொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளா, இங்கன வா. என்ன நடக்கு?"

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது." செல்போனை நீட்டினாள்.

அதில் இப்படி இருந்தது: "அன்பான சகோதரிகளே, இன்றைய ஜெபக்குறிப்பு. என் கணவர் இன்று காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை உப்பளத்து வளைவில், சீனித்தாய் டீக்கடைக்குத் தெற்கே, உடைமரத்துக்குப் பின்னால், மறைவாக நின்று ஊழியம் செய்கிறார். அவருடைய இடது முழங்காலுக்காகவும், உட்கார முடியாத ஓர் உபாதைக்காகவும் பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளவும். ஸ்தோத்திரம். இப்படிக்கு ஞானதீபம் சுந்தர்சிங், செயலாளர், பெண்கள் ஐக்கிய சங்கம்."

கீழே எழுபது பேர் கை கூப்பியிருந்தார்கள்.

"இது சர்ச் பொம்பளைய குரூப்புலா? உனக்கு எப்படி வந்துச்சு?"

"டீச்சரம்மா அதுலதான் போடுதாங்க. உங்க பக்கத்து வீட்டு முத்துக்கனி அக்கா, 'எனக்கும் அனுப்புங்க டீச்சர், நானும் முருகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுதேன்'னு கேட்டு வாங்கி, அவங்க லாரி ஆபீஸ் குரூப்புல போட்டிருக்காங்க. அங்கன இருந்து ஆட்டோ ஸ்டாண்டு. ஆட்டோ ஸ்டாண்டுல இருந்து மினி பஸ்ஸு. காயல்பட்டினத்து பாய் ஒருத்தர் 'துஆ செய்யவும்'னு போட்டு அவங்க ஆளுகளுக்கு அனுப்பியிருக்கார். மாதா கோயில்காரங்க ஜெபமாலை சொல்லுதாங்க. உங்களுக்காக ஊரே ஒத்துமையா இருக்கு ஐயா."

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"மூணாம் தேதில இருந்து."

"ஏன் சொல்லல?"

"ஜெபம்லா ஐயா. அதைப் போய் எப்படித் தடுக்க?"

சுந்தர்சிங் உப்பு மூட்டை மேல் உட்காரப் போனார். உபாதை ஞாபகம் வந்து எழுந்துகொண்டார்.

ஞானதீபத்துக்கு இடம் எப்படித் தெரிகிறது? அதைத்தான் அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னதே அவர்தான். அந்த வீட்டில் தினமும் காலை ஆறரைக்குக் குடும்ப ஜெபம். இரண்டு பேரும் முழங்கால் போடுவார்கள், அவர் வலது முழங்காலை மட்டும். "இன்னைக்கு எங்க நிக்கிய? ஜெபத்துல சொல்லுங்க" என்பாள். இவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ரோடு, வளைவு, மரம், கிலோமீட்டர் கல் உட்பட ஒப்புவிப்பார். ஆண்டவரிடம் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் அவர் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே இன்ஸ்பெக்டர் பாண்டித்துரை கூப்பிட்டுவிட்டார். மதுரைக்காரர். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். குடும்பம் மதுரையில். இங்கே லாட்ஜில் ரூம், மெஸ்ஸில் சாப்பாடு. ஆகவே எப்போதும் கோபமாக இருப்பார்.

"என்னய்யா சிங், மெஷினை நீட்டி வண்டியைப் பிடிக்கிறியா, ஆசீர்வாதம் பண்றியா?"

"ஐயா, யாரும் வேகமாப் போகல."

"தூத்துக்குடியிலயா? துறைமுகம் இருக்கிற ஊர்லயா? நேத்து எனக்கு முன்னால போன ஆம்புலன்சே நாப்பதுலதான்யா போகுது! நீ எங்க நிக்கிறேன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பத்து கேஸ். இல்லைன்னா மெஷின் கோவில்பட்டிக்கு. நீ விளாத்திகுளத்துக்கு."

விளாத்திகுளம் நல்ல ஊர். நல்ல சனங்கள், நல்ல மிளகாய். ஆனால் கடல் இல்லையே. காலையில் கடலில் நீந்திய மீன் மத்தியானம் தட்டில் கிடந்தால்தான் சுந்தர்சிங்குக்குச் சோறு இறங்கும். அதுகூடப் பெரிதில்லை. ஞானதீபம் கூட வரமாட்டாள். சங்கத்தை விட்டு எப்படி வருவாள்? இரண்டு வருஷம் தனியாக. அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. அவள் திட்டாத வீட்டில் தூக்கம் வருமா என்றும் தெரியாது. ரூமுக்குள் பாண்டித்துரை உட்கார்ந்திருக்கிற மாதிரி நாமும் உர்ரென்று உட்கார்ந்திருப்போமே என்று நினைத்துக்கொண்டார்.

இதை வீட்டில் போய்ச் சொல்லவும் முடியாது. 'மூணு வாரமா ஏன் சொல்லல' என்று ஆரம்பித்தால் அது முடிய மூணு வாரம் ஆகும்.

ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை. கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் போடட்டும். தாராளமாகப் போடட்டும். ஆனால் தப்பான இடத்தைப் போடட்டும்! இவர் உப்பளத்து வளைவு என்று சொல்லிவிட்டு, துறைமுகம் ரோட்டுப் பாலத்தடியில் நின்றால்? உப்பளத்தில் மட்டும் ஊர் ஊர்ந்து போகும். பாலத்தடியில் போலீஸ் இல்லை என்று ஜெபக்குறிப்பே சாட்சி சொல்லுகிறதே! அங்கே எல்லாம் பறக்கும். மூணு வாரத்துக் கேஸை ஒரே காலையில் அள்ளிவிடலாம்.

"என்ன, குழம்புல உப்பு இல்லையா?" என்றாள் ஞானதீபம்.

"இருக்குளா. நல்லா இருக்கு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுந்தர்சிங் காம்பவுண்டுச் சுவர் ஓரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நின்றார். அந்தப் பக்கம் முத்துக்கனி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். துறைமுகம் ரோட்டில்தான் அவள் லாரி ஆபீஸ்.

"முத்துக்கனி, உங்க ஆபீஸ் பக்கத்துல பாலம் இருக்குலா? அதுக்கடியில காலையில நிழல் எத்தனை மணி வரைக்கும் விழும்?"

"பதினொண்ணு வரைக்கும் விழும் அண்ணாச்சி. எதுக்கு?"

"சும்மா. பொது அறிவுக்கு."

"செடிக்கு ஊத்துங்க அண்ணாச்சி. செருப்புல ஊத்துதிய."

இனி ஒரே ஒரு சிக்கல்தான். பொய்யை ஜெபத்தில் அல்லவா சொல்ல வேண்டும்? பெண்டாட்டியை ஏமாற்றலாம், மேலே இருக்கிறவரை ஏமாற்றலாமா? விடிய விடிய யோசித்து அதற்கும் வழி கண்டுபிடித்தார். உப்பளத்து வளைவில் நிற்பேன் என்று ஜெபிப்பது. சொன்னபடி அங்கே போய்ப் பத்து நிமிஷம் நிற்பது. அப்புறம் பாலத்துக்குப் போவது. எத்தனை நேரம் நிற்பேன் என்று ஆண்டவரிடம் இவர் சொல்லவில்லையே?

சனிக்கிழமை காலை ஆறரை. முழங்கால் போட்டார்கள். ஞானதீபம் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஆண்டவரே, இன்னைக்கு அடியேன் உப்பளத்து வளைவில் நிற்கப் போகிறேன். உப்பளத்து வளைவுதான் ஆண்டவரே. வேறெங்கும் இல்லை."

"ஆமென்" என்றாள் ஞானதீபம், கொஞ்சம் இழுத்து.

அப்புறம் இட்லி சாப்பிட்டார். இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். உத்தரத்தில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டார்.

"சாப்பாடு கொண்டு வரவா?"

"வேண்டாம்ளா. சீனித்தாய் கடையில பாத்துக்கிடுதேன்."

"சரி. கவனமா போய்ட்டு வாங்க."

ஒன்பது மணிக்கு உப்பளத்து வளைவு. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உடைமரத்தடியில் நின்றார். பானுப்ரியா மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"எடுக்காத பிள்ளா. பத்து நிமிஷத்துல கிளம்பணும்."

"அப்ப எதுக்கு ஐயா வந்தோம்?"

"மனச்சாட்சிக்கு."

ஒன்பது பத்துக்கு ஜீப்பில் ஏறினார்கள். ஒன்பதரைக்குப் பாலத்தடி. அருமையான நிழல். தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டு மெஷினை நீட்டினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மாப்பிள்ளைக் களை.

முதலில் ஒரு கன்டெய்னர் லாரி. முப்பத்தொன்பது.

"புது டிரைவரா இருக்கும்" என்றார்.

அடுத்தது நிலக்கரி லாரி. நாற்பது. அடுத்தது மினி பஸ். முப்பத்தேழு. புல்லட்டில் ஒருத்தன் கழுத்தில் செயினும் கூலிங் கிளாஸுமாக வந்தான், பார்த்தாலே நூறில் போகிற முகம். நாற்பத்தொன்று. பாலத்தைத் தாண்டும்போது தூணுக்கு நேராக ஒரு சல்யூட் வேறு.

பத்தரை வரைக்கும் இதே கதை. சுந்தர்சிங்குக்கு வியர்த்தது. நிழலில் நின்றே வியர்த்தது.

அப்போது அதே உப்பு லாரி வந்து நின்றது. அதே டிரைவர்.

"அண்ணாச்சி, மனசு தளர்ந்துராதிய. முதல் பொய்தானே? ஆண்டவர் மன்னிச்சிருவாரு."

லாரி போய்விட்டது. சுந்தர்சிங் மெதுவாகத் திரும்பினார்.

"பிள்ளா. போனை எடு. வாசி."

பானுப்ரியா வாசித்தாள். பாவம், அவளுக்கு இரண்டு தடவை புரையேறியது.

"அன்பான சகோதரிகளே, இன்றைய அவசர ஜெபக்குறிப்பு. என் கணவர் மனச்சாட்சிக்காக உப்பளத்து வளைவில் ஒரு பத்து நிமிடம் நிற்பார். அதன்பின் துறைமுகம் ரோட்டுப் பாலத்தடியில், வடக்குத் தூணுக்குப் பின்னால் நிற்பார். முப்பத்தோரு வருடத்தில் முதன்முறையாக இன்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். அவர் மனந்திரும்பும்படியாகவும், வழக்கம்போல் முழங்காலுக்காகவும், மற்றதற்காகவும் ஜெபிக்கவும்."

"எத்தனை பேரு கை கூப்பியிருக்காங்க?"

"இருநூத்துப் பதினாலு ஐயா. காயல் பாய் ஒரு அழுகை பொம்மையும் போட்டிருக்கார்."

அந்த நேரத்தில்தான் கிழக்கே இருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, பாய்ந்தது. சுந்தர்சிங்கின் கை தானாகவே மெஷினை உயர்த்தியது. எழுபத்து நாலு!

"சிக்கிட்டாம்ளா! சிக்கிட்டான்!" ரோட்டிலேயே ஒரு குதி குதித்தார். முழங்கால் ஞாபகமே வரவில்லை. "ஆண்டவரே ஸ்தோத்திரம்! ஜெபக்குறிப்பு போய்ச் சேராத ஒரு மனுசனாவது இந்த ஊர்ல இருக்கானே!"

கார் கிறீச்சென்று நின்றது. கதவு திறந்தது. இறங்கியவர் இன்ஸ்பெக்டர் பாண்டித்துரை.

"யோவ் சிங்! உன்னை எங்கெல்லாம்யா தேடுறது? உப்பளத்துல நிக்கிறேன்னு சொல்லிட்டு..."

அவர் சட்டைப்பையில் செல்போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். அபராதச் சீட்டு. போட்டோவோடு. போட்டோவில் வாயைத் திறந்து திட்டிக்கொண்டே ஓட்டுகிறார்.

பாலத்துக்கு மேல் ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாகப் போய் முடிந்தது.

"அழி" என்றார் பாண்டித்துரை.

"அழிக்க முடியாதுங்கய்யா. சென்னைக்குப் போயிருச்சு" என்றாள் பானுப்ரியா.

"சிங், நீ இன்னைக்கே விளாத்திகுளம்!"

இந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர், முப்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில், இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக வந்து நின்றது. ஞானதீபம். ஹெல்மெட்டைக் கழற்றினாள். தூக்குச்சட்டியை எடுத்தாள். வடக்குத் தூணுக்குப் பின்னால் நேராக நடந்து வந்தாள்.

"சீனித்தாய் கடையில வடைதான் இருக்கும். உபாதைக்கு ஆகாது. சோறு கொண்டாந்திருக்கேன்."

"ஏளா," என்றார் சுந்தர்சிங். "நான் இங்கன நிக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கேக்காம நீங்க எப்ப இடத்தைச் சொல்லியிருக்கிய? உப்பளத்து வளைவுல மரம் இருக்கு, டீக்கடை இருக்கு. அங்க போறவருக்கு ரெண்டு பாட்டில் தண்ணி எதுக்கு? குடை எதுக்கு? இன்னைக்கு சட்னியில வேணும்னே உப்புப் போடல. குத்தம் சொல்லாம அஞ்சு இட்லி திங்கிய. அப்பமே தெரிஞ்சுபோச்சு, உள்ள கள்ளம் இருக்குன்னு. ஜெபத்துல சொன்ன இடத்துல பத்து நிமிசமாவது நிக்காம உங்க மனச்சாட்சி விடாதுன்னும் தெரியும்."

"சரி, பாலம்? பாலம்னு எப்படி?"

"பொது அறிவு" என்றாள் ஞானதீபம். "முத்துக்கனி சொன்னா."

பாண்டித்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரும்மா நீங்க? என்ன நடக்குது இங்க?"

பானுப்ரியாதான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். ஜெபக்குறிப்பு, லாரி ஆபீஸ், ஆட்டோ ஸ்டாண்டு, காயல் பாய், மனச்சாட்சி. கேட்கக் கேட்கப் பாண்டித்துரையின் மீசை மேலே போயிற்று.

"போலீஸ் ரகசியத்தை ஊருக்கே ஒலிபரப்பு பண்ணியிருக்கீங்களேம்மா! உங்களாலதான் இவருக்கு மாற்றலே!"

"மாத்தலா?" ஞானதீபம் சுந்தர்சிங் பக்கம் திரும்பினாள். "எங்க?"

"விளாத்திகுளம்" என்றார் அவர், தரையைப் பார்த்து. "பத்து கேஸ் பிடிக்கலைன்னா. உன்னை விட்டுட்டு ரெண்டு வருசம் எப்படி இருக்கன்னுதான் நான்..."

ஞானதீபத்தின் முகம் ஒரு கணம் டீச்சர் முகமாக இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சுதாரித்துவிட்டாள்.

"இதை முன்னமே சொல்லியிருந்தா, சங்கத்துல பத்து பேரை ஸ்கூட்டர்ல வேகமா வரச் சொல்லியிருப்பேன்லா! பொய் சொல்லத் தெரியாத மனுசனுக்கு இந்த வேலை எதுக்கு?" என்றவள் பாண்டித்துரையைப் பார்த்தாள். இரண்டாங்கிளாஸ் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "தம்பி, இந்த மெஷினை எதுக்கு வாங்கினிய?"

"வேகமாப் போறவனைப் பிடிக்க."

"பிடிச்சு?"

"மெதுவாப் போக வைக்க."

"இப்ப எப்படிப் போறாங்க?"

பாண்டித்துரை ரோட்டைப் பார்த்தார். ஒரு டேங்கர் லாரி நாற்பதில் போயிற்று. டிரைவர் கும்பிட்டான்.

"இந்த மாசம் இந்த ரோடுகள்ல எத்தனை பேரு அடிபட்டாங்க? சொல்லுங்க."

அவர் பானுப்ரியாவைப் பார்த்தார். பானுப்ரியா மெதுவாகச் சொன்னாள். "மூணாம் தேதிக்கு அப்புறம் ஒருத்தர்கூட இல்லைங்கய்யா. போன மாசம் ஒன்பது பேரு."

"எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து அதைத்தான் கேட்டாங்க" என்றார் பாண்டித்துரை, தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "'என்னய்யா பண்றீங்க, ரிப்போர்ட் எழுதி அனுப்புங்க'ன்னு. எனக்கு என்ன எழுதன்னு தெரியலை."

"நான் எழுதித் தாரேன். கையெழுத்து நல்லா இருக்கும். நீங்க முதல்ல சாப்பிடுங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, மெஸ் சாப்பாடு."

தூக்குச்சட்டியைத் திறந்தாள். பாலத்தடி முழுக்கச் சீலா மீன் குழம்பு வாசம். விடியற்காலையில் கரைக்கு வந்த மீன். மாங்காய் போட்டு வைத்தது. பாண்டித்துரை வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் ஜீப் பானெட்டில் இலை போட்டாகிவிட்டது.

முதல் உருண்டை உள்ளே போனதும் அவர் கண் மூடியது. இரண்டாவதில் விளாத்திகுளம் கேன்சல் ஆயிற்று. மூணாவது துண்டு மீனை எடுக்கும்போது, "சிங், உன் மனைவி சொல்றதுல விஷயம் இருக்குய்யா" என்றார். இலையை வழிக்கும்போது உத்தரவே போட்டுவிட்டார். இனிமேல் எங்கே நிற்பது என்று டீச்சரம்மாதான் தீர்மானிப்பார்கள், சிங் அதன்படி நிற்க வேண்டியது.

"ஐயா, எனக்குச் சோறு?" என்றார் சுந்தர்சிங்.

சட்டி காலி.

"வடைதான்" என்றாள் ஞானதீபம். "இன்னைக்கு ஒரு நாளு பரவாயில்லை. பொய் சொன்னதுக்கு." பாண்டித்துரைக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "தம்பி, உங்க நம்பரைக் கொடுங்க. முத்துக்கனியை அனுப்பச் சொல்லுதேன். நம்ம ஆளு நிக்கிற இடம் தெரிஞ்சிருந்தா இன்னைக்கு உங்களுக்கு இந்தச் சீட்டு வந்திருக்குமா?"

"வந்திருக்காதும்மா" என்று நம்பரைக் கொடுத்தார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜெபம் முடிந்தது. சுந்தர்சிங்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாற்றல் இல்லை, மெஷினும் போகவில்லை, வெந்நீரும் பனியனும் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்ல பிள்ளை மாதிரி கேட்டார்.

"ஏளா, நாளைக்கு நான் எங்க நிக்க?"

"மீன் ஏலக்கூடம் வாசல்ல. காலை ஆறு மணிக்கு."

"ஏலக்கூடமா? அங்கன வண்டி நடந்துல்லா போகும்! அங்க வேகமாப் போறது எது?"

"சீலா" என்றாள் ஞானதீபம். "ஆறேகாலுக்கு மேல போனா ஒண்ணுகூட இருக்காது."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு சுந்தர்சிங் யூனிஃபார்மில் ஏலக்கூடம் வாசலில் நின்றார். ஸ்பீடு கன் பானுப்ரியா கையில் இருந்தது. அவர் கை காலியாக இல்லையே. அவர் அங்கே நிற்பார் என்று ராத்திரியே ஜெபக்குறிப்பு போயிருந்ததால், சங்கத்துப் பெண்கள் விடியுமுன்னே வந்து கூடைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பதினோரு கூடை. ஒவ்வொன்றிலும் சீட்டு. நெத்திலி, விளமீன், பாறை, நண்டு பெரிதாக இருந்தால் மட்டும்.

பன்னிரண்டாவதாக முத்துக்கனியின் கூடையை வாங்கி முழங்கையில் மாட்டும்போது, ஜீப்பில் மைக் கரகரத்தது. இன்ஸ்பெக்டர் குரல். சுந்தர்சிங் கூடைகளோடேயே அட்டென்ஷனில் நின்றார்.

"சிங், குரூப்ல பார்த்தேன். ஏலக்கூடத்துலதானே நிக்கிற? எனக்கு மீனா வேண்டாம்யா, வீட்டுல கொடுத்துக் குழம்பாவே கொண்டு வந்துரு. ஓவர்."